அட்வான்டேஜுக்குப் பதில் என்ன எழுதலாம்?

கேள்வி: வணக்கம் சார். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்தில் வேலைக்குப் போக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 வந்துவிட்டது. ரைட்டிங் மட்டும் 6-ஐத் தாண்டவில்லை, 6.5 வேண்டும். நன்மை தீமை பற்றிய கட்டுரைகளில் அட்வான்டேஜ், டிஸ்அட்வான்டேஜ் என்று இரண்டு சொற்களையே திரும்பத் திரும்ப எழுதுவதால்தான் மார்க் வரவில்லை என்று கோச்சிங் சென்டரில் சொன்னார்கள். அவற்றுக்குப் பதிலாகப் போட 60 சொற்களும் இடியம்களும் கொண்ட பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். அத்தனையும் மனப்பாடம் செய்துவிட்டேன், மார்க் அப்படியே நிற்கிறது. எதை எங்கே போடுவது? இல்லை, பேசாமல் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி-க்கு மாறிவிடலாமா? பயிற்சிக்கு எழுதிய ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பட்டியலை மடித்து உள்ளே வையுங்கள். அதிலுள்ள சொற்கள் நல்ல சொற்கள்தான். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்று உங்களிடம் சொன்னதுதான் தவறு. அட்வான்டேஜ், பெனிஃபிட், மெரிட், அப்சைடு, எட்ஜ் என்று அதில் அடுத்தடுத்து இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை பார்ப்பவை. ஒன்றை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை உட்காரவைத்தால் வாக்கியம் வேறு எதையோ சொல்லத் தொடங்கிவிடும்.

உங்கள் பத்தியையே எடுத்துக்கொள்வோம். மருத்துவரை நேரில் பார்க்காமல் வீடியோ காலில் பார்ப்பது பெருகிவருகிறது, இதன் நன்மைகள் தீமைகளைவிட மேலோங்கியவையா என்பது கேள்வி. நீங்கள் எழுதியது:

"டெலிமெடிசின் இஸ் எ டபுள்-எட்ஜ்டு ஸ்வோர்டு. இட் ஹேஸ் மெனி மெரிட்ஸ் அண்ட் டிமெரிட்ஸ். வில்லேஜ் பீப்பிள் ஆர் பெனிஃபிட்டட் அண்ட் ஹேவ் தி அப்பர் ஹேண்ட். பேஷன்ட்ஸ் கேன் டேக் அட்வான்டேஜ் ஆஃப் டாக்டர்ஸ் ஃப்ரம் ஹோம். ஒன் ஆஃப் தி டிராபேக் இஸ் நெட்வொர்க் ப்ராப்ளம், பட் எவ்ரி கிளவுட் ஹேஸ் எ சில்வர் லைனிங், சோ இட் இஸ் எ பிளெஸ்ஸிங் இன் டிஸ்கைஸ்."

பட்டியலில் பாதி இறங்கிவிட்டது. படித்தவருக்குக் கிடைத்த செய்தி ஒன்றுதான்: நெட்வொர்க் சரியில்லை.

நான்காவது வாக்கியத்தை உடனே மாற்றுங்கள். டேக் அட்வான்டேஜ் ஆஃப் என்பதற்குப் பின்னால் ஒரு வாய்ப்போ வசதியோ வந்தால், அதைப் பயன்படுத்திக்கொள்வது என்று பொருள். ஓர் ஆள் வந்தால் கதை வேறு. அவருடைய இளகிய மனதையோ, இயலாமையையோ பார்த்து அவரை ஏய்த்துக் காரியம் சாதிப்பது என்று ஆகிவிடும். சில இடங்களில் அதைவிட மோசமான பொருளும் உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடி நோயாளிகள் டாக்டரை ஏய்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். டேக் அட்வான்டேஜ் ஆஃப் வீடியோ கன்சல்டேஷன்ஸ் என்றால் சரியாகிவிடும்.

அப்பர் ஹேண்ட் என்பது கை ஓங்குவது. பேரத்தில், வழக்கில், சண்டையில் ஒரு தரப்பு மேலே வருவது. கிராமத்து மக்கள் இங்கே யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லையே. ஆர் பெனிஃபிட்டட் என்பது நம் ஊர் ஆங்கிலம். அரசு விழா செய்தியில் 500 பயனாளிகள் என்று வருவதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுப் பழகியதால் வந்தது. பெனிஃபிட் ஃப்ரம் என்று எழுதிப் பழகுங்கள்: ரூரல் பேஷன்ட்ஸ் பெனிஃபிட் ஃப்ரம் இட். ஒன் ஆஃப் தி என்று தொடங்கினால் அடுத்து வருவது பன்மை, எனவே டிராபேக்ஸ். வினை மட்டும் ஒருமையிலேயே இருக்கும். இந்த ஒரு இடத்தில் சறுக்குகிறவர்கள் 6-க்கும் 6.5-க்கும் நடுவில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி சொற்களுக்கு வருவோம். நன்மையைச் சொல்ல ஆங்கிலத்தில் கை வைக்கும் முன்பு மனதுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது எதையாவது விட மேல் என்று சொல்கிறேனா, யாருக்காவது வந்து சேரும் பலனைச் சொல்கிறேனா?

முதலாவது என்றால் அட்வான்டேஜ். டென்னிஸில் 40-40 ஆனதும் டியூஸ் என்பார்கள். அடுத்த பாயின்ட்டை எடுத்தவருக்கு அட்வான்டேஜ். எதிராளி இல்லாமல் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. பொருளைப் பற்றிப் பேசும்போதும் உள்ளுக்குள் ஓர் ஒப்பீடு இருக்கும். தி அட்வான்டேஜஸ் ஆஃப் டெலிமெடிசின் என்று நீங்கள் எழுதினால், ஓ.பி.-யில் டோக்கன் போட்டு உட்கார்வதைவிட என்பது சொல்லாமலே நிற்கிறது. வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமானால் ஓவர் சேர்க்க வேண்டும். இரண்டாவது என்றால் பெனிஃபிட். உங்கள் மருத்துவமனை கேன்டீனில் சாப்பாடு இலவசம் என்றால் அது பெனிஃபிட். மலையாளம் தெரிந்த நர்ஸுக்குக் கேரள எல்லையில் இருக்கும் பாறசாலை பக்கத்திலிருந்து வருகிற நோயாளிகளிடம் மற்றவர்களைவிட எளிதாகக் கேஸ் விவரம் கேட்க முடிகிறது என்றால் அது அட்வான்டேஜ். அந்த அட்வான்டேஜ் சிறியது, ஆனால் முடிவை மாற்றக்கூடியது என்றால் எட்ஜ்: ஹேஸ் அன் எட்ஜ் ஓவர் அதர்ஸ். மற்றவர்களுக்கு முன்னாலேயே கிளம்பியதால் வந்தது என்றால் ஹெட் ஸ்டார்ட். ஐசியூ அனுபவத்தோடு வெளிநாடு போகிறவருக்கு எட்ஜ் உண்டு. நர்சிங் படிக்கும்போதே ஆங்கிலத் தேர்வை முடித்துவிட்டவருக்கு ஹெட் ஸ்டார்ட். சம்பளத்துக்கு மேல் வேலையோடு ஒட்டிவரும் சலுகைகளுக்குப் பெர்க்ஸ். இது பேச்சுக்கு ஏற்ற சொல். வருமான வரிக் கணக்கில் பெர்க்விசிட் என்று முழுப் பெயரோடு வரும்.

மெரிட் இந்த வரிசையில் சேராது. வெளியே என்ன பலன் வருகிறது என்பதை அது பார்ப்பதில்லை, பொருளுக்குள்ளேயே இருக்கும் தகுதியைப் பார்க்கிறது. மெரிட் சீட், மேனேஜ்மென்ட் சீட் என்று தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு புழங்கும் அந்த மெரிட்தான். ஒரு திட்டத்தின், ஒரு வாதத்தின், ஒரு யோசனையின் மெரிட்ஸைப் பேசலாம். வழக்கை ஆன் மெரிட்ஸ் விசாரிப்பது என்று வக்கீல்கள் சொல்வதும் இதே பொருளில்தான். மெரிட்ஸ் அண்ட் டிமெரிட்ஸ் என்ற ஜோடி நம் பாடப்புத்தகங்களில் பத்தாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. இலக்கணப் பிழை கிடையாது, ஆனால் பழைய ஐந்து மார்க் கேள்வியின் வாடை அடிக்கும். டிமெரிட்டைத் தனியாக எழுதினால் இன்னும் சங்கடம். ஆஸ்திரேலியாவில் வேகமாகக் கார் ஓட்டினால் லைசென்ஸில் ஏறுவது டிமெரிட் பாயின்ட். பள்ளியில் சேட்டை செய்தால் கிடைக்கும் கறுப்புப் புள்ளிக்கும் சில நாடுகளில் அதுதான் பெயர். பூன் ஆர் பேன் என்பதையும் இதோடு சேர்த்து விட்டுவிடலாம். அறிவியல் ஆக்கமா அழிவா என்று தமிழில் எழுதிய கட்டுரையைத்தானே ஆங்கிலப் பாடத்தில் சயின்ஸ்: பூன் ஆர் பேன் என்று மறுபடி எழுதினோம்? பேன் என்ற சொல்லின் பழைய பொருள் நஞ்சு, கொல்வது. வீடியோ கால் துண்டாகிப்போவதைச் சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

தீமைப் பக்கம் இன்னும் நுணுக்கமானது. ஆனால் இதில் உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. வார்டில் தினமும் செய்வதைக் கட்டுரையில் செய்தால் போதும். ஒரு மருந்தைப் பற்றிச் சொல்லும்போது சைட் எஃபெக்ட், ரிஸ்க், கான்ட்ரா-இன்டிகேஷன் மூன்றையும் நீங்கள் குழப்பிக்கொள்வீர்களா? வயிற்றைப் புரட்டுவது சைட் எஃபெக்ட். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பது ரிஸ்க். இந்த நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது என்பது கான்ட்ரா-இன்டிகேஷன். மூன்றுக்கும் பொதுவாகக் கெடுதல் என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் சிஸ்டர் இன்சார்ஜ் என்ன சொல்வார்? கட்டுரையிலும் அதே கண்டிப்பு வேண்டும்.

டிராபேக் என்றால் நல்லதாக இருக்கும் ஒன்றில் இருக்கிற குறை, அந்தப் பொருளோடு ஒட்டிப் பிறந்தது. வீடியோவில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது என்பது டிராபேக். டவுன்சைடு என்றால் ஒரு முடிவை எடுப்பதால் கூடவே வந்துசேரும் பாதகம். எல்லாரும் வீடியோவுக்குப் போனால் ஊர் கிளினிக்குக்கு ஆள் குறைந்து மூடும் நிலை வரலாம் என்பது டவுன்சைடு. ஷார்ட்கமிங் என்பது எதிர்பார்த்த அளவை எட்டாமல் போனது. ஆட்களுக்கும் அமைப்புகளுக்கும் பொருந்தும். ஃப்ளா என்றால் வடிவமைப்பிலேயே விழுந்த விரிசல். ஸ்னாக் என்பது எல்லாம் சரியாகப் போகும்போது குறுக்கே வரும் சின்னத் தடங்கல். உங்கள் நெட்வொர்க் பிரச்சினைக்குப் பேச்சில் இதுதான் பொருத்தம். ஆட் எ டிஸ்அட்வான்டேஜ் என்பது ஓர் ஆள் மற்றவர்களைவிடப் பின்தங்கிய இடத்தில் நிற்பது: ஸ்மார்ட்ஃபோன் இல்லாத முதியவர்கள் ஆர் ஆட் எ டிஸ்அட்வான்டேஜ். ஹேண்டிகேப் என்ற சொல் கோல்ஃபிலும் குதிரைப் பந்தயத்திலும் இருக்கட்டும். மனிதர்களைப் பற்றி எழுதும்போது வேண்டவே வேண்டாம். நாளை நீங்கள் வேலை பார்க்கப்போகும் வார்டில் அது அவமதிப்பாகவே கேட்கும்.

டிராபேக் என்றதும் திருப்பூர் நினைவுக்கு வருகிறது. அங்கே பனியன் ஏற்றுமதியாளர்களிடம் டிராபேக் வந்துவிட்டது என்று சொன்னால் முகம் மலரும். ஏற்றுமதிச் சரக்குக்காகக் கட்டிய சுங்கவரியை அரசு திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் டியூட்டி டிராபேக். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் கட்டுரைக்கு இது தேவைப்படாது. ஏற்றுமதி நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிற தம்பி, தங்கை யாராவது இதைப் படித்தால் உதவும்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். அது உங்கள் பட்டியலிலேயே இல்லை, கேள்வித்தாளில் இருக்கிறது. அவுட்வெய், அதாவது எடையில் மிஞ்சுவது.

நன்மை தீமைக் கேள்வி ஐஇஎல்டிஎஸ்ஸில் மூன்று உருவங்களில் வரும். நன்மை தீமைகளைச் சொல் என்பது ஒன்று. நன்மைகள் தீமைகளை அவுட்வெய் செய்கின்றனவா என்பது இரண்டாவது. இது பாசிட்டிவ் டெவலப்மென்ட்டா, நெகட்டிவ் டெவலப்மென்ட்டா என்பது மூன்றாவது. முதல் வகையில் இரு பக்கத்தையும் சொன்னால் போதும். மற்ற இரண்டிலும் பட்டிமன்ற நடுவர் மாதிரி தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். இரண்டு அணியும் நன்றாகப் பேசினார்கள் என்று வாழ்த்திவிட்டு மேடையை விட்டு இறங்கினால், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று டாஸ்க் ரெஸ்பான்ஸில் மார்க் போய்விடும். ரைட்டிங்கை நான்கு அளவுகோல்களில் மதிப்பிடுகிறார்கள். கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கருத்துகளைக் கோத்த விதம், சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. நீங்கள் 60 சொற்களை மனப்பாடம் செய்தது கால்பங்குக்காக. உங்கள் பத்தி அடிவாங்கியது, அந்தக் கால்பங்கோடு சேர்த்து முதல் கால்பங்கிலும்.

அவுட்வெய் எடையைக் கேட்கிறது. எண்ணிக்கையைக் கேட்பதற்கு அவுட்நம்பர் என்று வேறு சொல் இருக்கிறது. மூன்று நன்மை, இரண்டு தீமை எழுதிவிட்டு, எனவே நன்மைகள் அவுட்வெய் செய்கின்றன என்று முடிக்கிற கட்டுரைகளைத் திருத்திக் கை வலித்துப்போயிருக்கிறேன். ஒரே ஒரு தீமை பத்து நன்மைகளைக் கவிழ்க்கலாம். நெஞ்சுவலிக்காரரை வீடியோவில் பார்த்து அனுப்பிவிடுவது அப்படிப்பட்ட ஒன்று.

இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் 2021-இல் உங்கள் கையாலேயே பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் கோவிஷீல்டு என்ற பெயரில் போட்ட அதே ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசியால் மிக அரிதாகச் சிலருக்கு ரத்த உறைவு வருவதாகச் செய்தி வந்தது. ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை தன் முடிவைச் சொன்னது. அந்தப் பக்கவிளைவு இருக்கிறது, அது மிக அரிதானது, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் தி பெனிஃபிட்ஸ் அவுட்வெய் தி ரிஸ்க்ஸ். குறையை மறைக்கவில்லை, பூசி மெழுகவில்லை, எடை போட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. அதே நாளில் பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, வேறு நோய் இல்லாத 30 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு முடிந்தால் வேறு தடுப்பூசி கொடுக்கலாம் என்றது. அடுத்த மாதம் அந்த வயதை 40 ஆக்கியது. கொரோனாவால் இளம் வயதினருக்கு ஆபத்து குறைவு என்பதால் அவர்கள் விஷயத்தில் எடை வேறு மாதிரி விழுந்தது. ஒரே ஊசி, ஒரே பக்கவிளைவு. யாருக்கு என்ற கேள்வி சேர்ந்ததும் தீர்ப்பு நுணுக்கமாகிவிட்டது.

உங்கள் கட்டுரைக்கும் அந்த யாருக்கு, எப்போது என்பதுதான் உயிர். தொடர் சிகிச்சைக்கு வருகிற சர்க்கரை நோயாளிக்கு வீடியோ போதும். முதல் முறையாக வயிற்றுவலி என்று வருகிறவருக்குப் போதாது. இதை இங்கிலீஷில் சொல்ல இரண்டு வரி: ஃபார் ரொட்டீன் ஃபாலோ-அப்ஸ், தி பெனிஃபிட்ஸ் கிளியர்லி அவுட்வெய் தி ரிஸ்க்ஸ். ஃபார் எமர்ஜென்சீஸ், தே டு நாட். இதில் ஒரு இடியம்கூட இல்லை. ஆனால் ஒரு நர்ஸ் எழுதியது என்று தெரிகிறது. அவுட்வெய் என்பதன் எழுத்துக்கூட்டில் மட்டும் கவனம்: கடைசியில் ஜி, ஹெச் வரும், ஒலிக்காது.

இடியம் விஷயத்தில் ஒரு தவறான புரிதலையும் தீர்த்துவிடலாம். பேண்ட் 7-க்கான, அதாவது 7 மார்க்குக்கான வரையறையில் இடியமேட்டிக் என்றொரு சொல் வருகிறது. கோச்சிங் சென்டர்கள் இதைப் பார்த்துத்தான் பட்டியல் அச்சடிக்கின்றன. அவர்கள் கேட்பது சொலவடைகளை அல்ல. அந்த மொழிக்காரர் இயல்பாகச் சேர்த்துச் சொல்கிற சொற்சேர்க்கைகளை. மழை பெய்தது என்போம், மழை விழுந்தது என்று சொன்னால் புரியும், ஆனால் தமிழ்க் காதுக்கு இடிக்கும். அதுபோல ஆங்கிலத்தில் எ மேஜர் டிராபேக், எ டிஸ்டிங்க்ட் அட்வான்டேஜ், ரீப் தி பெனிஃபிட்ஸ், வெய் அப் தி ப்ரோஸ் அண்ட் கான்ஸ். இவற்றில் நாலைந்து சரியான இடத்தில் விழுந்தால் அதுவே இடியமேட்டிக். வரையறையில் அதே மூச்சில் வரும் கொலோகேஷன் என்ற சொல்லும் இதைத்தான் கேட்கிறது.

ப்ரோஸ் அண்ட் கான்ஸ் லத்தீனிலிருந்து வந்தது, ப்ரோ ஆதரவு, கான்ட்ரா எதிர்ப்பு. ஜோடியாக வரும்போது அழகாக இருக்கும். ஒன் கான் இஸ் என்று தனியாகப் பிரித்து எழுதாதீர்கள். கான் என்றால் மோசடி என்றும் ஒரு பொருள் உண்டு. டபுள்-எட்ஜ்டு ஸ்வோர்டு சரியான தொடர்தான், ஆனால் எதனால் நன்மையோ அதனாலேயே தீமையும் வருகிற இடத்தில் மட்டுமே வெட்டும். வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கலாம் என்ற வசதியே, நேரில் போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருக்க வைக்கிறது என்றால் அது இருபக்கமும் கூரான கத்தி. நன்மை ஒரு காரணத்தால், தீமை வேறு காரணத்தால் என்றால் அங்கே கத்திக்கு வேலை இல்லை. திருத்துபவர்கள் நாளெல்லாம் பார்த்துச் சலித்த தொடர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளெஸ்ஸிங் இன் டிஸ்கைஸ் என்பது முதலில் கெடுதலாகத் தோன்றி, பிறகுதான் நல்லது என்று தெரியவந்த ஒன்று. டெலிமெடிசின் முதலில் கெடுதலாகத் தோன்றியதா? இல்லையே. நீங்கள் சொல்ல நினைத்தது மிக்ஸ்டு பிளெஸ்ஸிங். நல்லதும் கெட்டதும் கலந்தே வந்தது. இந்த இரண்டும் அடிக்கடி மாறிப்போகின்றன. சில்வர் லைனிங் ஒரு துன்பத்துக்குள் தெரியும் சின்ன ஆறுதல். ஊரடங்கு போன்ற பெரிய கஷ்டத்தைப் பேசும்போது பொருந்தும், சிக்னல் போனதற்குப் பொருந்தாது. ஃப்ளிப் சைடு என்பது இசைத்தட்டின் மறுபக்கத்திலிருந்து வந்தது. ஆன் தி ஃப்ளிப் சைடு பேச்சில் நன்றாக இருக்கும், எழுத்தில் ஆன் தி அதர் ஹேண்ட் போதும்.

சில இடியம்களுக்கு நம்மிடம் பிறந்த வீட்டிலேயே ஜோடி இருப்பதால் அவை மறக்காது. ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட் என்பது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. சிட் ஆன் தி ஃபென்ஸ் மதில் மேல் பூனை. ஒயிட் எலிஃபென்ட் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. ஃப்ளை இன் தி ஆயின்ட்மென்ட் பைபிளில் பிரசங்கி 10-ஆம் அதிகாரத்து முதல் வசனம், பரிமளத் தைலத்தில் செத்து விழுந்த ஈ, நல்லதைக் கெடுக்கும் சின்னக் குறை. உங்கள் மாவட்டத்தில் இதைப் பல பேருக்கு விளக்கவே வேண்டாம். இவை எல்லாம் ஸ்பீக்கிங் மூன்றாம் பகுதியில் வாய்க்கு வந்தால் ஒன்றோ இரண்டோ வரட்டும். கட்டுரையில் வேண்டாம். கட்டுரைக்கு நான் சிபாரிசு செய்வது டிரேட்-ஆஃப், கம்ஸ் அட் எ பிரைஸ், ஆட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப். மூன்றும் ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுப்பதைச் சொல்கின்றன. நன்மையையும் தீமையையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட இவற்றைவிட நல்ல கயிறு இல்லை. கன்வீனியன்ஸ் ஷுட் நாட் கம் ஆட் தி எக்ஸ்பென்ஸ் ஆஃப் சேஃப்டி என்ற ஒரு வரி அந்த 60-இல் முப்பதுக்குச் சமம்.

அட்வான்டேஜைத் திரும்ப எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 250 சொல் கட்டுரையில் நாலு முறை வந்தால் யாரும் கணக்கெடுப்பதில்லை. அதை மறைக்கத் தப்பான சொல்லைப் போடுவதைத்தான் கவனிப்பார்கள்.

பத்தியை நீங்கள் சொல்ல நினைத்த செய்தியை வைத்தே மாற்றிப் பார்க்கிறேன்:

"தி மெயின் அட்வான்டேஜ் ஆஃப் டெலிமெடிசின் ஓவர் எ கிளினிக் விசிட் இஸ் தட் இட் சேவ்ஸ் டிராவல். எல்டர்லி பேஷன்ட்ஸ் இன் ரிமோட் வில்லேஜஸ் பெனிஃபிட் மோஸ்ட், ஆஸ் தே நோ லாங்கர் லூஸ் எ ஹோல் டே டு எ ஃபைவ்-மினிட் செக்-அப். ஒன் ஆஃப் தி மேஜர் டிராபேக்ஸ், ஹவெவர், இஸ் தட் எ டாக்டர் கெனாட் எக்ஸாமின் எ பேஷன்ட் ஆன் எ ஸ்க்ரீன், அண்ட் எ சீரியஸ் கண்டிஷன் மே பி மிஸ்டு. தோஸ் வித்தவுட் எ ஸ்மார்ட்ஃபோன் ஆர் ஆல்சோ ஆட் எ டிஸ்அட்வான்டேஜ்."

அட்வான்டேஜ், பெனிஃபிட், டிராபேக், டிஸ்அட்வான்டேஜ். நாலே சொல். தேவைப்படும் இடத்தில் அதற்குரிய ஓவர், ஆஃப், ஆட் இருக்கிறது. படிப்பவருக்கு ஒரு கிராமம், ஒரு முதியவர், ஒரு டாக்டரின் சிரமம் தெரிகிறது. உங்கள் அனுபவத்திலிருந்து இன்னும் நல்ல எடுத்துக்காட்டு வரும். ஆறாத புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்தவர் நீங்கள். அதைக் கேமராவில் பார்ப்பதற்கும் மணத்தை வைத்தே சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எழுதத் தெரியாது.

இன்டர்வியூவுக்கும் ஒரு வார்த்தை. மை அட்வான்டேஜ் இஸ் ஹார்ட் ஒர்க், மை டிஸ்அட்வான்டேஜ் இஸ் கோபம் என்கிற ரீதியில் பதில் சொல்லிவிடாதீர்கள். ஆட்களின் குணத்துக்கு ஸ்ட்ரென்த்ஸ், வீக்னஸஸ். பிளஸ் பாயின்ட், மைனஸ் பாயின்ட் நம் பேச்சோடு நிற்கட்டும். நோயாளியிடமோ உறவினரிடமோ ஓர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசும்போது அங்கே ரிஸ்க்ஸ் அண்ட் பெனிஃபிட்ஸ் என்பதே வழக்கு. கன்சென்ட் ஃபார்மில் அச்சாகியிருப்பதும் அதுதான்.

ஓஇடி பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டன் நர்சிங் கவுன்சில் இரண்டையும் ஏற்கிறது. ஐஇஎல்டிஎஸ்ஸில் ரைட்டிங்குக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. ஓஇடி-யில் ரைட்டிங்குக்கு சி பிளஸ், மற்றவற்றுக்கு பி. ஓஇடி ரைட்டிங்கில் கட்டுரை கிடையாது. கேஸ் நோட்ஸைப் படித்து ஒரு ரெஃபரல் கடிதமோ டிஸ்சார்ஜ் கடிதமோ எழுத வேண்டும், சுமார் 180 முதல் 200 சொல். நன்மை தீமை, இடியம் எதற்கும் அங்கே இடமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியோடு புழங்கும் உங்களுக்கு அது வசதியான களம். ஆனால் கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிடக் கூடுதல், லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் வேறு பாணி என்பதால் அவற்றுக்கும் புதிதாகத் தயாராக வேண்டும். மூன்றில் 7 எடுத்து அரை பேண்டில் நிற்கிறவர் களத்தை மாற்ற அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொரு முறை ஐஇஎல்டிஎஸ் எழுதுங்கள். அப்போதும் 6-லேயே நின்றால் மாறுங்கள்.

அதற்குள் ஒரு வேலை. பிரிட்டன் தேசிய சுகாதார சேவையின் இணையதளத்தில் மருந்துகள், பரிசோதனைகள், அறுவை சிகிச்சைகள் பற்றிப் பொதுமக்களுக்கு எளிய ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். நைட் டியூட்டி இல்லாத நாட்களில் ஒரு பக்கம் எடுத்து, நன்மை தீமையைச் சொல்லும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். சொல்லை மட்டும் குறிக்காமல், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்களோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். பிறகு இதே டெலிமெடிசின் கேள்விக்கு 40 நிமிடம் வைத்து, முழுக் கட்டுரையாக எழுதி அனுப்புங்கள். முதல் பத்தியிலேயே உங்கள் தீர்ப்பு இருக்கட்டும்.